பத்து நிமிட ஈரம்

லேபிள் அக்காவின் கட்டை விரலை அந்தப் பெட்டிக்குப் பிடிக்காமல் போய் நாலு மாதமாகிவிட்டது. குழந்தைகள் காப்பகத்தின் வாசல் மேசையில் இருக்கும் வருகைப் பதிவுப் பெட்டி அது. கருப்பு நிறம், உள்ளங்கை அளவுதான், ஆனால் அதிகாரம் பெரிது. மற்றவர்கள் விரலை வைத்தால் “நன்றி” என்று ஒரு பெண் குரல் சொல்லும். அக்கா வைத்தால் “மீண்டும் முயற்சிக்கவும்” என்னும். புடவையில் துடைத்துவிட்டு வைப்பாள். மீண்டும் முயற்சிக்கவும். ஊதிவிட்டு வைப்பாள். மீண்டும் முயற்சிக்கவும். ஆறாவது தடவை, “ஏண்டி, நான் என்ன உன் வீட்டுக்குப் பொண்ணு கேட்டா வந்திருக்கேன்?” என்று பெட்டியையே கேட்டுவிட்டு உள்ளே போய் வேலையைத் தொடங்குவாள்.

அவள் துடைத்து முடித்த தரையில் நின்றுகொண்டே, “நேத்து நீங்க வரலைன்னு காட்டுதே” என்பார் நிர்வாகி. ஆள் நேரில் வந்தாளாம், விரல் மட்டும் வரவில்லையாம். இந்த அக்கிரமத்தை எங்கே போய்ச் சொல்வது?

குற்றம் பெட்டியுடையது மட்டும் அல்ல. இருபத்தாறு வருடம் ப்ளீச்சிங் தண்ணீரில் ஊறிய கை அது. முதலில் தோல் வறண்டது, பிறகு வெடித்தது, பிறகு உரிந்தது, கடைசியில் ரேகையும் மறைந்துவிட்டது. பேருந்து ஓட்டுகிற அவள் புருஷன் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இனிமே நீ எங்க திருடினாலும் போலீஸ் கண்டுபிடிக்க முடியாது” என்றான்.

“திருட இந்த வீட்டுல என்ன இருக்கு, உங்களைத் தவிர?” என்றாள் அக்கா.

சிரித்தாள்தான். ஆனால் ஜாக்கெட் கொக்கியை மாட்ட அவனைக் கூப்பிட வேண்டியிருந்தபோது அழுகை வந்தது. வலிக்காக அல்ல, பயத்துக்காக. கை போனால் வேலை போகும். அந்த வேலை அவளுக்குப் பிடித்த வேலை. மூன்று அறை, இரண்டு கழிப்பறை, நாற்பது குழந்தைகள், அவர்கள் வாயில் வைத்துக் கடித்த இருநூறு பொம்மைகள். எதை எப்போது எதால் துடைக்க வேண்டும் என்பது அவளைத் தவிர அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவளும் அதை மறைத்தவள் இல்லை, கேட்டவர்தான் இல்லை.

லேபிள் அக்கா என்ற பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வயதில் ஒரு விடுதியில் குளியலறை கழுவும் வேலைக்குப் போனாள். ஒரு நாள் மஞ்சள் கறை ஒன்று எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை. ப்ளீச்சிங் நல்லது, ஆசிட்டும் நல்லது, இரண்டையும் சேர்த்தால் ரொம்ப நல்லது என்று கணக்குப் போட்டு ஒரே வாளியில் ஊற்றினாள். துப்புரவு வேலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரு தடவையாவது போடுகிற கணக்கு இது. அரை நிமிடத்தில் வாளியிலிருந்து எழும்பிய புகை அவளைத் தரையில் சாய்த்தது. பக்கத்து அறைக்காரர் இழுத்து வெளியே போட்டதால் பிழைத்தாள். மூச்சு சீராக மூன்று நாள் ஆயிற்று. நாலாம் நாள் அந்த ஆசிட் பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் எறும்பு அளவு எழுத்தில், வேறு எதனோடும் கலக்கக் கூடாது என்று போட்டிருந்தது.

“எழுதித்தான் வெச்சிருக்கான். நாமதான் படிக்கல” என்றாள். அன்றைக்குப் பிடித்த பழக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள், அதற்குப் பிறகு வாழ்க்கையில் படித்ததெல்லாம் பாட்டிலின் முதுகில் இருக்கும் லேபிளைத்தான். பெயரும் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். சோப்பு, பினாயில், கொசு மருந்து, புருஷனின் தலைச்சாயம் எதையும் விட்டுவைக்கவில்லை. கல்யாண வீட்டில்கூடக் கை கழுவுகிற இடத்தில் நின்று சோப்பு டப்பாவைப் படித்துக்கொண்டிருந்தாள் என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

தோல் மருத்துவர் அவள் கையைப் பார்த்ததும், “ரெண்டுல ஒண்ணுதான்மா. வேலைய மாத்துங்க, இல்ல தண்ணிய மாத்துங்க” என்றார். கையுறை போடவில்லையா என்றும் கேட்டார். வருடத்துக்கு ஒரு ஜோடி தருவார்கள், இரண்டாம் வாரமே விரல் நுனி கிழியும், ப்ளீச்சிங் உள்ளே போய்த் தேங்கும், வெறுங்கையைவிட அது மோசம் என்று அக்கா விளக்கினாள். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்.

தண்ணீரை மாற்றுவது என்று அக்கா முடிவு செய்தாள். மூன்று கடை ஏறி இறங்கி, பதினோரு பாட்டிலின் முதுகைப் படித்து, நாலாவது கடையில் இரண்டைப் பிடித்தாள். இரண்டும் செடியிலிருந்து எடுத்த கிருமிநாசினி. ஒன்று மேசை, தரை, பொம்மைகளுக்கு. ஓமத்தில் இருக்கிற அதே சத்துதான் அதில் வேலை செய்கிறது என்று போட்டிருந்தது. இன்னொன்று கைக்கு, அதே சத்து மென்மையான அளவில். மேசை பாட்டிலில் கிருமிகளின் பெயர்ப் பட்டியல் இருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி: தெளித்த பரப்பு பத்து நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும்.

நிர்வாகி மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். “என்ன இது, வயித்து வலிக்குக் குடிக்கிற மாதிரி வாசம்? சுத்தம்னா ஒரு நெடி வேணாமா? பேரன்ட்ஸ் உள்ள வரும்போது மூக்குல சுள்ளுன்னு ஏறணும்.”

“மூக்குல ஏறினா மூக்குதான் மேடம் எரியும். கிருமி சாகாது.”

“ப்ளீச்சிங்ல எத்தனை வருஷமா பண்றோம்?”

“இருபத்தாறு வருஷம். கைய பாருங்க” என்று அக்கா இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்தாள். நிர்வாகி பார்க்கவில்லை. ஆனால் நடு அறையில் மட்டும் முயன்று பார்க்க ஒத்துக்கொண்டார்.

அங்கேதான் வம்பு தொடங்கியது. துடைப்பதென்றால் தெளித்து உடனே துடைத்து எடுப்பது என்பதுதான் எல்லோருக்கும் பழக்கம். அக்கா தெளித்தாள், பரப்பினாள், துணியை மடித்து ஓரமாக வைத்துவிட்டு நின்றாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். நடுவில் காய்கிற இடத்தில் மறுபடி தெளித்தாள், மறுபடி நின்றாள். கண்ணாடிக் கதவு வழியாக நிர்வாகி இதை மூன்று நாள் பார்த்தார். நாலாம் நாள் பொறுக்க முடியவில்லை.

“சும்மா நிக்கிறதுக்கா உங்களை வேலைக்கு வெச்சிருக்கு?”

“நான் சும்மா நிக்கிறேன் மேடம். அது வேலை செய்யுது.”

“எது?”

“ஈரம்.”

நிர்வாகி, சமையலறை வாசலில் நறுக்கிக்கொண்டிருந்த சமையற்காரரைப் பார்த்தார். சமையற்காரர் வெங்காயத்தைப் பார்த்தார். அவருக்கு அக்காமேல் மரியாதை உண்டு. வெளியே காட்டிக்கொள்ளும் தைரியம்தான் கிடையாது. அக்கா அசையவில்லை. பத்து நிமிடம் முடிந்த பிறகுதான் துணியை எடுத்தாள். அடுத்த நாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே. தலைகீழாக நின்று கத்தினாலும் கடிகாரம்தான் அவளுக்கு முதலாளி என்று ஆகிவிட்டது. ஒரு மேசை ஊறும் நேரத்தில் அடுத்த மேசையைத் தெளிக்கக் கற்றுக்கொண்டதும், பழைய நேரத்திலேயே வேலையும் முடிந்தது, மற்ற அறைகளுக்கும் அந்த மருந்தே வந்தது.

கை மெல்லத் திரும்பி வந்தது. ஆறு வாரத்தில் வெடிப்பு மூடியது. பத்தாவது வாரம் ஜாக்கெட் கொக்கியைத் தானே மாட்டினாள். பன்னிரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வழக்கம்போலத் திட்டத் தயாராகக் கட்டை விரலை வைத்தாள். “நன்றி” என்றது பெட்டி. அக்கா ஒரு நிமிடம் அங்கேயே நின்றுவிட்டாள். பின்னால் வந்த சமையற்காரரிடம், “அண்ணே, நான் வந்துட்டேனாம்” என்றாள். அவருக்கே கண் கலங்கிவிட்டது.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதைதான். ஆனால் நிர்வாகிக்கு ஞானோதயம் வந்துவிட்டது. யாரோ ஒரு தாய், “இங்க ப்ளீச்சிங் நெடியே இல்ல, என் பையன் இருமலே நின்னுடுச்சு” என்று பாராட்டினார். அடுத்த வாரமே வாசலில் பச்சை நிறத்தில் ஒரு போர்டு முளைத்தது: ‘இங்கே இரசாயனமே இல்லை. எல்லாம் இயற்கை.’ ஒரு இலைப் படமும் போட்டிருந்தது. ஓமத்துக்கும் அந்த இலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அலமாரியில் இருந்த ப்ளீச்சிங் டப்பாக்கள் வெளியே போயின.

“மேடம், இலையில இருந்து எடுத்தாலும் அதுவும் மருந்துதான். இதுல சாகாத கிருமியும் இருக்கு. ப்ளீச்சிங் ஒரு டப்பாவாவது இருக்கட்டும்” என்றாள் அக்கா.

“நீங்கதானே இத கொண்டு வந்தீங்க? இப்ப நீங்களே குறை சொல்றீங்க?”

“கொண்டு வந்ததாலதான் சொல்றேன். நான் படிச்சிருக்கேன்.”

நிர்வாகி காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு வரிசையில் குழந்தைகளின் கையில் மேசை பாட்டிலை எடுத்துத் தெளிக்கப் போனார். அக்கா பாய்ந்து வந்து பிடுங்கினாள். பாட்டில் மேலதிகாரி கையிலிருந்து கீழதிகாரி கைக்குப் போவதை நாற்பது குழந்தைகளும் வாயைத் திறந்து பார்த்தார்கள்.

“இது மேசைக்கு. கைக்கு அந்த பாட்டில்.”

“ரெண்டும் செடிதானே?”

“எருக்கம்பாலும் செடியில இருந்துதான் வருது. கண்ணுல விட்டுப்பீங்களா?”

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு சுருங்கியது. அக்கா வருத்தப்படவில்லை. ப்ளீச்சிங் போதும் என்று சொன்ன வாயும் இதுதான், எல்லாவற்றுக்கும் செடி மருந்தே போதும் என்கிற வாயும் இதுதான். இரண்டு தடவையும் பாட்டிலைத் திருப்பிப் பார்க்கவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரம்.

ஒரு திங்கட்கிழமை நடு அறையில், பொம்மை அலமாரிப் பக்கத்தில், ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. கால் மணி நேரத்தில் அதே குழந்தை கழிப்பறையில் மறுபடியும் எடுத்தது. அக்காவின் வீட்டிலும் தெருவிலும் அந்த வாரம் இதே பேச்சுத்தான்: ஒருவருக்கு வந்தால் வீடே படுக்கிற வாந்தி. அக்கா குழந்தைகளை அடுத்த அறைக்கு மாற்றினாள், கதவைச் சாத்தினாள், மேசை பாட்டிலைத் திருப்பினாள். பட்டியலை மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் படித்தாள். வாந்திக் கிருமி அதில் இல்லை. நேரே நிர்வாகியிடம் போனாள்.

“ப்ளீச்சிங் வேணும் மேடம். இதுக்கு அதுதான்.”

“வாசல்ல போர்டு வெச்சிருக்கு. அத படிச்சீங்களா?”

“படிச்சேன். அதுல கிருமி பேரு எதுவும் இல்ல.”

நிர்வாகி, இருப்பதை வைத்துத் துடைக்கச் சொன்னார். அக்கா சமையலறைக்குப் போனாள். தண்ணீர்த் தொட்டி கழுவுவதற்காகச் சமையற்காரர் அடுப்புக்குக் கீழே ஒரு டப்பாவை ஒளித்து வைத்திருந்தது அவளுக்குத் தெரியும். அவர் காலால் அதை முன்னால் தள்ளிவிட்டார். அவரால் முடிந்த வீரம் அது.

அக்கா தன் பையிலிருந்து புதுக் கையுறையை எடுத்து மாட்டினாள். ஜன்னல்களைத் திறந்தாள். முதலில் வாந்தியைக் காகிதத்தால் வழித்து எடுத்துக் கட்டினாள். டப்பாவின் முதுகில் சொன்ன அளவுக்குக் கரைத்தாள், வேறு ஒரு சொட்டு எதையும் சேர்க்கவில்லை. தரை, அலமாரி, நாற்காலிக் கால், கதவின் கீழ்ப்பகுதி என்று தடவினாள். கடிகாரத்தைப் பார்த்து நின்றாள். நடு அறை முடிந்தது. கழிப்பறைக்குப் போக வாளியைத் தூக்கியபோது வாசலில் சத்தம் கேட்டது.

பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தவர்கள் அங்கே நின்றிருந்தார்கள். முன்பு பாராட்டிய தாய்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு, “இது ப்ளீச்சிங்தானே? போர்டுல ஒண்ணு போடறீங்க, உள்ள ஒண்ணு பண்றீங்க” என்றார். நிர்வாகி எல்லோர் முன்னாலும் அக்காவைக் கூப்பிட்டார்.

“தெரியாம பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்கன்னு சொல்லுங்க.”

“தெரிஞ்சுதான் பண்ணேன்.”

“அக்கா, நான் மரியாதையா சொல்றேன்.”

“நானும் மரியாதையாதான் சொல்றேன் மேடம். நான் செஞ்சதுல தப்பு இல்ல. தப்புன்னா அந்தப் போர்டுலதான் இருக்கு. கழிப்பறை இன்னும் பாக்கி. அத முடிச்சிட்டு வரேன், அப்புறம் பேசுங்க.”

முடிக்க விடவில்லை. வாளியை வாங்கி வைத்துவிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் நிர்வாகி. கருப்புப் பெட்டியை எடுத்து, எல்லோரும் பார்க்க, அவள் விரலை அதிலிருந்து அழித்தார்.

வீட்டில் புருஷன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “ஒரு மன்னிப்புதானே, வாயால சொல்றதுதானே?” என்றான்.

“நீங்க சிவப்பு விளக்குல நின்னதுக்கு மன்னிப்பு கேப்பீங்களா?”

அவன் யோசித்தான். “பின்னால இருக்கறவன் ஹாரன் அடிப்பான்” என்றான். “கேக்க மாட்டேன்.”

“அவ்வளவுதான்.”

மறுநாள் காலை அக்கா வழக்கமான நேரத்துக்குப் போனாள். விரலை வைத்தாள். “பதிவு இல்லை” என்றது பெட்டி. இருபத்தாறு வருடம் தேய்ந்து, மூன்று மாதம் காத்திருந்து வளர்த்த ரேகை. அக்கா விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். ஆனால் திரும்பிப் போகவில்லை. வர வேண்டாம் என்பதை எழுத்தில் கொடுக்கட்டும், படித்துவிட்டுப் போகிறேன் என்று வாசலில் செருப்பு வைக்கும் பலகைமேல் உட்கார்ந்துவிட்டாள். எழுதியதை மட்டும்தான் அவள் நம்புவாள் என்று ஊருக்கே தெரியும்.

நிர்வாகி இரண்டு தடவை வெளியே வந்து பார்த்தார். மூன்றாவது தடவை வருவதற்குள் சுகாதார ஆய்வாளர் வந்துவிட்டார். வாந்தி எடுத்த குழந்தையைப் பார்த்த மருத்துவர் தகவல் கொடுத்திருந்தார். ஒல்லியான மனிதர், கையில் ஒரு அட்டை, காதில் ஒரு பேனா. நடு அறையில் அவர் கேட்டதெல்லாம் திறந்த கதவு வழியாக அக்காவுக்குக் கேட்டது.

“எதால துடைச்சீங்க?”

“இங்க இரசாயனமே கிடையாது சார். எல்லாம் இயற்கை” என்றார் நிர்வாகி, பெருமையாக. பழகிய வாய்.

ஆய்வாளர் பாட்டிலை வாங்கினார். திருப்பினார். அந்தக் கட்டடத்தில் பாட்டிலைத் திருப்பிய இரண்டாவது ஆள் அவர்தான். கொஞ்ச நேரம் படித்தார். “நல்ல மருந்துதான். ஆனா இந்த வாந்திக்கு இது இல்லையே. அப்ப அந்த இடம் இன்னும் சுத்தமாகல. மூடிட வேண்டியதுதான்.”

“எந்த அறைய சார்?”

“மொத்தத்தையும்.”

நிர்வாகியின் குரல் அரைக் கட்டை இறங்கியது. “இல்ல சார்... ப்ளீச்சிங்கும் போட்டிருக்கோம்.”

“யார் போட்டது? எவ்வளவு கரைச்சாங்க? எவ்வளவு நேரம் விட்டாங்க?”

நிர்வாகிக்கு இந்த மூன்றில் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் தெரியும். வாசலுக்கு வந்தார். செருப்புப் பலகைமேல் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, “உள்ள வாங்க” என்றார். அக்கா எழுந்தாள். போர்டைக் கழற்றினால்தான் வருவேன் என்று சொல்ல நாக்கு துடித்தது. உள்ளே குழந்தைகளின் சத்தம் கேட்டது. அவர்களை வைத்துப் பேரம் பேச அவளுக்கு மனம் வரவில்லை. போய் ஆய்வாளர் முன்னால் நின்று, எத்தனை லிட்டருக்கு எத்தனை கரண்டி, எந்தெந்த இடம், எத்தனை மணிக்கு ஈரம் வைத்து எத்தனை மணிக்குத் துடைத்தது என்று ஒப்பித்தாள். அவர் எழுதிக்கொண்டே வந்தார்.

“கழிப்பறை?”

நிர்வாகி அவசரமாக, “அதுவும் ஆச்சு சார்” என்றார்.

“ஆகல சார்” என்றாள் அக்கா. “குழாய், கதவுப் பிடி, தரை எதுவும் ஆகல. செய்யப் போனேன். அதுக்குள்ள என்னை வெளிய அனுப்பிட்டாங்க.”

ஆய்வாளர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, நடு அறையைத் திறந்து வைக்கலாம், கழிப்பறையை இப்போதே செய்து காட்ட வேண்டும், அதுவரை தான் இங்கேயே இருக்கப் போவதாகச் சொன்னார். போகிற போக்கில் வாசல் போர்டைக் காட்டி, “அதையும் எடுத்துடுங்க” என்றார். யாரும் சொல்வதற்கு முன்பே சமையற்காரர் வெங்காயக் கத்தியோடு கிளம்பி, நாலு திருகாணியையும் கழற்றி, போர்டைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். வாழ்நாளில் முதல்முறையாக வெளிப்படையாக ஒரு காரியம் செய்தார்.

அக்கா கையுறையை மாட்டிக்கொண்டு கழிப்பறைக்குள் போனாள். கரைத்தாள், தடவினாள், கதவுப் பிடியை இரண்டு தடவை நனைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

நிர்வாகி அந்தக் கருப்புப் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கதவுக்கு வெளியே வந்து நின்றார். “அக்கா, விரலைத் திரும்பவும் ஏத்திடலாம். கட்டை விரலை ஒரு நிமிஷம் வைங்க.”

“கையுறைய இப்ப கழட்ட முடியாது மேடம். பத்து நிமிஷம் ஆகும்.”

“அதுவரைக்கும் நான் என்ன பண்றது?”

“நிக்கணும்” என்றாள் லேபிள் அக்கா.

நிர்வாகி நின்றார்.